மாமா கொடுத்த பாஸ்

என் மாமாவுக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்றுதான்: பந்தைத் தூரத்திலிருந்து கூடைக்குள் போடுவது. அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறார். கல்யாணப் பேச்சை எடுத்தால், ஞாயிற்றுக்கிழமையானாலும் "பிராக்டிஸ் இருக்குக்கா" என்று எழுந்து போய்விடுவார்.

கிளப் அணியில் சம்பளத்துக்கு விளையாடுகிறார். கூடைப்பந்தில் களத்தில் நிற்கிற ஐந்து பேரில் அவருடைய இடத்துக்கு ஷூட்டிங் கார்டு என்று பெயர். தூரத்து ஷாட் அவர் பொறுப்பு. எதிர் அணியில் அதே வேலை செய்கிறவனைச் சூயிங்கம் மாதிரி ஒட்டிக்கொண்டு திரிவதும் அவர் பொறுப்பு. வளையத்தில் படாமல் பந்து இறங்கும் என்பதால் எல்லோருக்கும் அவர் 'ஊசி'. ஒருதடவை அவர் ஷூ லேஸ் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டேன். மனுஷன் விழவில்லை. கங்காரு மாதிரி குதித்துக் குதித்து வாசல்வரை போய், "இன்னிக்கு வார்ம்அப் முடிஞ்சுது, வாலு" என்றார். அவரிடம் குறும்பு பண்ணுவதே வேஸ்ட்.

அணியின் கோச் என் அப்பா. சிக்கலே அதுதான். மைதானக் கதவுக்கு உள்ளே 'கோச்', வெளியே 'அத்தான்' என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள். இருந்தாலும் கேலரியில் யாராவது, "மச்சானுக்கு மட்டும் பர்மனென்ட் சீட்டா?" என்று கத்துவார்கள். அடுத்த ஷாட் உள்ளே விழுந்ததும் கத்தினவரே எழுந்து ஆடுவார்.

இந்த வருஷம் புதிதாக ஒருவன் வந்தான். இருபது வயசு. உயரம் மட்டும் வாங்கிக்கொண்டு சதை வாங்க மறந்தவன். ஒட்டடைக்குச்சி என்று நான்தான் பெயர் வைத்தேன். ஷாட் பிரமாதம், ஆனால் எதிராளியைக் கோட்டை விட்டுவிடுவான். சீசனின் முதல் மேட்சுக்கு முதல் ஐந்தில் ஊசியா, ஒட்டடைக்குச்சியா? மாமாவுக்கு முப்பத்துநாலு வயசு. அந்த வயசில் பெஞ்சுக்குப் போனவனுக்கு அடுத்த வருஷம் எந்த கிளப்பும் போன் போடாது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அம்மா மட்டும் தட்டு கழுவிக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்: "என் தம்பிங்கறதுக்காக அவனை இறக்க வேணாம். என் தம்பிங்கறதுக்காக உக்கார வைக்கவும் வேணாம்."

"ரெண்டும் இல்லாம எப்படிம்மா பாக்கறது? கண்ணைக் கழட்டி வெச்சிட்டா?" என்றார் அப்பா.

உண்மையில் அப்பா மாமா பக்கம்தான் சாய்ந்திருந்தார். கொஞ்ச நாளாக மாமாவின் ஆட்டமே மாறியிருந்தது. தானே போடக்கூடிய ஷாட்டைக்கூட விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கிறவனுக்குப் பாஸ் கொடுத்தார். அணியே பூரித்துப்போனது. "சுயநலம் இல்லாத ஆட்டம்னா இதுதான்டா, பாத்துக்கங்க" என்று அப்பா எல்லோர் முன்னாலும் கைதட்டினார்.

ஒருநாள் மத்தியானம் அப்பா ஹாலில் திரையை இழுத்துவிட்டு, பயிற்சி ஆட்டங்களின் வீடியோவைச் சத்தமில்லாமல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா இடது பக்கம் ஓடினால் ஷாட். வலது பக்கம் ஓடினால் பாஸ். ரீவைண்ட் பண்ணினார். மறுபடி வலது, மறுபடி பாஸ். ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"இதுக்கா கை தட்டினேன்?" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

சாயங்காலம் மாமாவை மட்டும் மைதானத்துக்கு வரச் சொன்னார். நானும் போய்க் கேலரியில் உட்கார்ந்துகொண்டேன். வீட்டில் இருந்தால் புத்தகத்தைத் திற என்பார்கள்.

அப்பா கூடைக்குக் கீழே நின்றார். "வலது பக்கம் ஓடு. பந்து வரும். ஒரே ஒரு ஷாட் போடு."

மாமா ஓடினார். பந்தை வாங்கினார். பாஸ் கொடுத்துவிட்டார், அப்பாவுக்கே.

அங்கே வேறு ஆளே இல்லை. பந்து அப்பாவின் நெஞ்சில் பட்டு, தரையில் உருண்டு, ஓரச்சுவரில் இடித்து நின்றது. மாமா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார், அதிலிருந்து யாரோ பந்தைத் திருடின மாதிரி.

"எப்ப இருந்து?"

"போன சீசன் கடைசில இருந்து. வலது முட்டி. வலது பக்கம் ஓடினா அந்தக் காலை ஊனித்தான் எழும்பணும். முடியல, அத்தான்."

மைதானத்துக்குள் அத்தான் என்று கூப்பிட்டது அன்றுதான். அப்பா திருத்தவில்லை.

"ஏன்டா சொல்லல?"

"சொல்லலாம்னுதான் அன்னிக்கு வந்தேன். நீங்க எல்லார் முன்னாடியும் கைதட்டிட்டீங்க. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு சொல்றது?"

அப்பா சுவரோரம் போய்ப் பந்தை எடுத்து வந்தார். வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ அதில்தான் தப்பு மாதிரி. பிறகு, "அக்காகிட்ட நான் சொல்றேன்" என்றார்.

"வேணாம். நானே சொல்லிக்கறேன்."

சாப்பிடும்போது மாமா சொன்னார், "முதல் அஞ்சுல அந்தப் பையன் இறங்கறான்க்கா. என் முட்டி போச்சு."  அம்மா குழம்பை அவர் தட்டில் ஊற்றினாள், வழக்கத்தைவிட அதிகமாக. "சாப்பிடு" என்றாள். எனக்கு ஒரு ஜோக் வாய்வரைக்கும் வந்தது. தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளிவிட்டேன்.

மேட்ச் அன்று ஒலிபெருக்கியில் ஐந்து பெயர்கள் வந்தன. ஐந்தாவதாக ஒட்டடைக்குச்சி. கேலரியில் ஒரு முணுமுணுப்பு. மாமா பெஞ்சில் உட்கார்ந்து, நிறைந்த அரங்கத்துக்கு முன்னால் வலது காலை நீட்டி, முட்டியில் ஐஸ் பையை வைத்துக் கட்டிக்கொண்டார். அத்தனை மாதம் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்த வேலை. அப்பாவைத் திட்ட வாயைத் திறந்தவர்கள் அதைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்கள்.

பையனின் முதல் ஷாட் வளையத்தில் இடித்து வெளியே தெறித்தது. இரண்டாவது விழுந்தது. பெஞ்சே துள்ளி எழுந்தது. மாமாவுக்கு மட்டும் சட்டென்று எழ வரவில்லை. அப்பா ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு கையைப் பின்னால் நீட்டினார். மாமா அதைப் பிடித்து எழுந்து நின்று கைதட்டினார்.