பயம் எடுக்கிறவள் பெற்ற பிள்ளை

எங்கள் துறைமுகத் தெருவில் எந்தக் குழந்தை அலறி எழுந்தாலும் சியூகுய் அக்கா வீட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பயத்தில் உயிரின் ஒரு பங்கு உடம்பை விட்டு விலகிப் போய்விடுமாம். அக்கா அந்தப் பிள்ளையின் சட்டையில் ஒரு கிண்ணம் அரிசியைச் சுற்றி, ஊதுபத்திப் புகை காட்டி, பேர் சொல்லிக் கூப்பிட்டு அதைத் திரும்ப வரவழைப்பாள். எதிரே பால்மீன் கஞ்சி விற்கும் நானும் என் மகளைக் கொண்டுபோயிருக்கிறேன். "பிள்ளைக்கு ஒண்ணுமில்லடி, நீ போடுற சத்தத்துலதான் பயந்திருக்கு" என்பாள். வாய்த்துடுக்குக்காரி.

அவளுக்கு ஒரே மகன், தியாம்ஹோக். மீன் ஏலக்கூடத்தில் வேலை. கடலம்மன் உலாவில் பல்லக்குத் தூக்க முதல் ஆள் அவன்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், உலாவின் முதல் நாள், பல்லக்கைக் குலுக்கி ஆட்டும்போது தடுமாறி விழுந்தான். தண்டு பின்மண்டையில் இடித்தது. ரத்தம் வரவில்லை. சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டான்.

மறுநாள் காலையில் என் கடைக்கு வந்தவன் கஞ்சியைத் தொடவில்லை. வெளிச்சம் தாங்காமல் கண்ணைப் பொத்திக்கொண்டான்.

"சித்தி, நேத்து உலா எந்தத் தெரு வழியாப் போச்சு?"

சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதையே கேட்டான். பிறகு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான்.

அக்கா ஓடிவந்து பார்த்தாள். "முழிக்கிற முழியப் பாரு. உயிர் அரண்டு போயிருக்கு." அவன் சட்டையைக் கழற்றி அரிசியைச் சுற்றினாள், கூப்பிட்டாள். சட்டையை விரித்து அரிசியில் விழுந்திருந்த குறியைப் பார்த்துவிட்டு, "வந்துருச்சு. அம்மன் பல்லக்கைத் தொட்டா மிச்சமும் சரியாயிடும். போயிட்டு வாடா" என்றாள்.

"தலை கனக்குதும்மா" என்றான். ஆனாலும் போனான்.

அன்று சாயங்காலம் கோயில் வாசலிலேயே கால் பின்னி, கல்படியில் தலை மோத விழுந்தான். ஆஸ்பத்திரியில் பல நாள் கண் திறக்கவில்லை.

"முதல் அடியிலயே மூளை குலுங்கியிருக்கும்மா" என்றார் டாக்டர். "தலைவலி, வாந்தி, கேட்டதையே கேக்குறது, எல்லாம் அதோட அடையாளம். அன்னிக்கே கூட்டிட்டு வந்து ஓய்வுல வச்சிருந்தா பெரும்பாலும் சரியாகியிருக்கும். அது ஆறுறதுக்குள்ள ரெண்டாவது அடி பட்டுடுச்சு." திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

அக்கா இன்னும் பயம் எடுக்கிறாள். ஆனால் பிள்ளையோடு யார் வந்தாலும் முதலில் கேட்பது, "தலையில அடிபட்டுச்சா? வாந்தி எடுத்துச்சா?" என்பதுதான். ஆமாம் என்றால் அரிசியைத் தொடமாட்டாள். "மொதல்ல ஆஸ்பத்திரிக்கு ஓடு. உயிரை அப்புறம் கூப்பிட்டுக்கலாம்." அவளுக்குச் சக்தி போய்விட்டது என்று இரண்டொருத்தர் என் கடையில் உட்கார்ந்தே பேசினார்கள். கஞ்சியைப் பாதியில் பிடுங்கி அனுப்பிவிட்டேன்.

இந்த வருஷ உலா அன்று அக்காவோடு இருக்கலாமென்று போனேன். திரை போட்ட அறையில் தியாம்ஹோக் படுத்திருந்தான். சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறான்; நேற்று நடந்தது இன்று நினைவில் நிற்பதில்லை. மேளச் சத்தம் கேட்டதும் பதறி எழுந்தான்.

"அம்மா, பல்லக்குத் தூக்கப் போகணும்ல?"

"இன்னிக்கு வேணாம்டா. படுத்துக்கோ."

"சரிம்மா" என்று உடனே படுத்துக்கொண்டான்.

அக்கா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். நான் அவளை அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை.

"ஒரு வார்த்தைதான்டி சொன்னேன், கேட்டுக்கிட்டான். அன்னிக்கும் கேட்டிருப்பான்டி."