நார்மலில் இருந்த ஒரு வரி

சான்றிதழ் வாங்கப் போகிறவள் யாராவது பயப்படுவாளா? நான் பயந்தேன். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்காரர்களுக்குப் புதுச்சேரியில் ஒரு ஹோட்டலில் கான்ஃபரன்ஸ், மதியம் மூன்று மணிக்கு மேடையில் உன்னைக் கூப்பிடுவார்கள் என்று சொன்ன நாளிலிருந்தே எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் அப்படித்தான். மழை வந்தால் வெள்ளம் வருமோ என்று பயப்படுவேன், வராவிட்டால் கரும்பு காயுமோ என்று பயப்படுவேன்.

வில்லியனூருக்குப் பக்கத்துக் கிராமத்தில், எங்கள் வீட்டுப் படுக்கையறை மூலையில் மேசை போட்டு, பதினோரு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்வார்கள். அதைக் கேட்டு ரிப்போர்ட்டாக எழுதித் தர வேண்டும். இப்போதெல்லாம் மென்பொருளே முதலில் கேட்டு எழுதிவிடுகிறது, நாங்கள் உட்கார்ந்து திருத்துகிறோம். அதனால் ஆளைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். வருடம் முழுக்கப் பெரிய தவறு ஒன்றுகூடச் செய்யாதவர்களுக்குத்தான் இந்தச் சான்றிதழ். அது கையில் இருந்தால் அடுத்த வருடமும் வேலை உறுதி. இல்லாதவர்கள் கதி என்ன என்று ஆபீசில் யாரும் வாய் திறக்கவில்லை. திறக்காததிலேயே எங்களுக்குப் புரிந்துவிட்டது.

இன்னொரு சலுகையும் எனக்கு இருந்தது. மற்றவர்கள் எழுதியதை இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் அனுப்புவார்கள். என்னுடையது நேராக ஆஸ்பத்திரிக்கே போய்விடும். அதைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

அன்று காலை ஐந்து மணிக்கே எழுந்தேன். கிளம்புவதற்குள் ஒரு ஃபைலாவது முடித்துவிடலாம் என்று ஹெட்போனை மாட்டினேன். ஒரு காதில் டாக்டர், இன்னொரு காதில் டொக் டொக்கென்று சத்தம். என் வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்கு இப்பவே?"

"நீ வாங்கினு வந்தா மாட்ட வேணாமா?"

"கைக்கு வரட்டும் முதல்ல. அதுக்குள்ள ஆணி அடிக்காதீங்க, கண்ணு பட்டுடும்."

"எவன் கண்ணு? பல்லி கண்ணா?" என்று சொல்லி இன்னும் இரண்டு அடி அடித்தார். ஃபைலை ஆறேகால் மணிக்கு அனுப்பினேன். பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஹோட்டல் அரங்கில் ஏசி பனிக்காலம் மாதிரி அடித்தது. கழுத்தில் பேட்ஜ், மடியில் ஒரு பை, பைக்குள் ஒரு பேனா. பக்கத்தில் என்னோடு வேலை செய்யும் தோழி, பாகூர்க்காரி. இரண்டு வரிசை முன்னால் எங்கள் டீம் லீட். ஐம்பது வயதுக்காரர், நாங்கள் மேடம் என்போம். என் பெயரை எழுதிக் கொடுத்தவர் அவர்தான்.

பதினொன்றரைக்குச் சென்னையிலிருந்து வந்த ஒருவர் பேச எழுந்தார். தலைப்பு, நார்மல். எங்கள் தொழிலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு டாக்டரும் எப்போதும் சொல்லும் பத்தியை முன்கூட்டியே எழுதி வைத்திருப்போம். இருதயம் சீராக இருக்கிறது, நுரையீரல் தெளிவாக இருக்கிறது என்று போகும். டாக்டர், "என் நார்மலைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்வார். ஒரு பொத்தானைத் தட்டினால் மொத்தப் பத்தியும் வந்து விழும். அந்த நோயாளிக்குப் பொருந்தாத வரிகளை அடித்து நீக்குவது எங்கள் பொறுப்பு.

பேச்சாளர் ஒரு ரிப்போர்ட்டைத் திரையில் காட்டினார். கர்ப்பப்பையை எடுத்துவிட்ட பெண். மூன்றாவது பத்தியில், கர்ப்பப்பை இயல்பான அளவில் உள்ளது. அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே காலையில் அனுப்பிய ஃபைல் நினைவுக்கு வந்தது.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு வரும் பெண்மணி. இருபது வருடத்துக்கு முன்பு பென்சிலின் போட்டுத் தொண்டை வீங்கி, மூச்சு நின்றுபோகப் பார்த்ததாம். டாக்டர் அதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டு, பிறகு நார்மலைப் போடச் சொன்னார். அவருடைய நார்மலில் கடைசி வரி, மருந்து ஒவ்வாமை எதுவும் இல்லை. நான் பொத்தானைத் தட்டினேன். ஆணி அடிக்கும் சத்தத்துக்கு நடுவில் அந்த வரியை அடித்தேனா?

அடிக்கவில்லை. அடித்திருந்தால் பென்சிலின் என்று அந்த இடத்தில் எழுதியிருப்பேன். எழுதிய நினைவு என் விரலில் இல்லை. அங்கே காலை ஏழு மணிக்கு ஆபரேஷன் என்று டாக்டரே சொல்லியிருந்தார். நமக்கு அது மாலை நாலரை.

அனுப்பிய ஃபைலை ஆறு மணி நேரத்துக்குள் நாமே திறந்து திருத்தலாம். அதற்குப் பிறகு லீட் மூலமாகத்தான் முடியும். எனக்குப் பன்னிரண்டேகால் வரை இருந்தது. வீட்டு லாப்டாப்பில்தான் அது திறக்கும், வீடு போய்ச் சேர நேரமில்லை. வெளியே ஓடி வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டேன். கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் பதறவே இல்லை.

"இதுக்குப் போயா அழுவுற? வூட்டுக்கு அஞ்சு நிமிஷத்துல போறேன். பாஸ்வேர்டைச் சொல்லு. எங்க அமுக்கணும்னு சொல்லு, அமுக்குறேன்."

வேலையில் சேரும்போதே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கட்டிய புருஷனாக இருந்தாலும் திரையைக் காட்டக் கூடாது, பாஸ்வேர்டைச் சொல்லக் கூடாது. இருந்தும் அவர் வீடு போய்ச் சேர்ந்து லாப்டாப்பைத் திறந்ததும் முதல் மூன்று எழுத்தைச் சொல்லிவிட்டேன். நாலாவதைச் சொல்ல வாய் வரவில்லை. மண்வெட்டி பிடித்த விரல் வேறு எந்த வரியை அழிக்குமோ என்று ஒரு பயம். ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பா என்று ஒரு வெட்கம்.

"வேணாங்க. மூடி வெச்சிடுங்க."

"அப்போ இன்னா பண்ணப் போற?"

"தெரியல."

உள்ளே வந்து உட்கார்ந்தேன். பன்னிரண்டேகால் தாண்டியது. இனி மேடத்திடம் சொல்வதைத் தவிர வழியில்லை. சொன்னால் அது பெரிய தவறு என்று பதிவாகும், சான்றிதழ் போகும், வேலையும் போகலாம். அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. மூன்று மணிக்குச் சான்றிதழ். நாலரைக்குத்தான் ஆபரேஷன். வாங்கிக்கொண்டு மூன்றரைக்குச் சொன்னால் என்ன? ஒரு மணி நேரம் இருக்குமே. கொடுத்ததை மேடையிலேறிப் பிடுங்கவா போகிறார்கள்? அதுவும் அங்கே நர்ஸ் கேட்காமலா இருப்பாள், அந்தம்மாவுக்கு வாயில்லையா? இப்படியெல்லாம் யோசித்தவள் நான்தான். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சாப்பாட்டு மேசையில் பிரியாணி. தோழி என் தட்டைப் பார்த்தாள்.

"இன்னாடி, மேடை ஏறப் போறவ விரதமா? அந்த லெக் பீஸை இப்படிக் குடு."

கொடுத்தேன். எதிரே மேடம் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "நீ பேச வேண்டியதில்ல, வாங்கிட்டுக் கும்பிடு போட்டு எறங்கு. பயப்படாத" என்றார். இந்தக் குழந்தைக்கு எல்லாவற்றுக்கும் பயம் என்று சொல்வதுபோல அன்பாகத்தான் சொன்னார். மாதாவே, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மூன்றரை வரை எப்படி உட்கார்ந்திருப்பேன்? ஃபோன் லைன் கிடைக்காமல் போனால்? அந்தம்மாவுக்கு முன்கூட்டியே மயக்கம் கொடுத்துவிட்டால்?

"மேடம், காலைல ஒரு ஃபைல்ல நார்மலை அப்படியே விட்டுட்டேன். பென்சிலின் ஆகாதவங்களுக்கு அலர்ஜி இல்லன்னு போயிருக்கு."

மேடம் ஸ்பூனை வைத்தார்.

"எத்தினி மணிக்கு சர்ஜரி?"

"நமக்கு நாலரை."

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"பதினொண்ணரைக்கு."

மணி ஒன்றரை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் திட்டு இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கையைக்கூடக் கழுவாமல் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தோழி லெக் பீஸை என் தட்டில் திருப்பி வைத்துவிட்டு என் முதுகைத் தடவினாள்.

முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தார். "ஆஸ்பத்திரி ரெக்கார்ட்ஸ் டெஸ்க்ல சொல்லியாச்சு. திருத்தினதும் போயிடுச்சு. டாக்டர் பார்த்தாரான்னு நமக்குத் தெரியாது." என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "உன் பேரை எடுத்துடச் சொல்லிட்டேன்."

"சரி மேடம்."

"எடுக்காம இருக்க முடியாதும்மா."

"தெரியும் மேடம்."

மூன்று மணிக்குப் பெயர்களைப் படித்தார்கள். எனக்கு முன்னால் இருந்த பெயர் வந்தது, பின்னால் இருந்த பெயர் வந்தது. நான் கை தட்டினேன். நாலரை ஆகும்வரை மேடையைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலரை ஆனதும் கடிகாரத்தையும் பார்க்க முடியவில்லை.

வீட்டில் வீட்டுக்காரர் என் வெறுங்கையைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார். அதில் காலண்டரை மாட்டினார். "இந்தப் பக்கம்தான் வெளிச்சம் நல்லா இருக்குது" என்று மட்டும் சொன்னார்.

மூன்று நாள் எந்தத் தகவலும் இல்லை. எங்கள் வேலையில் அதுதான் கொடுமை. அடுத்தவர் உடம்புக்குள் வந்ததையெல்லாம் எழுதுவோம், பிழைத்தாரா இல்லையா என்று யாரும் நமக்குச் சொல்லமாட்டார்கள். மூன்று மாதத்துக்கு என் ஒவ்வொரு ஃபைலையும் சரிபார்த்த பிறகே அனுப்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் வேலை பற்றி முடிவு என்று மேடம் மெயில் போட்டிருந்தார். அதைப் படித்தபோதுகூட எனக்கு அந்தம்மாவின் தொண்டைதான் கண்ணில் நின்றது.

நாலாம் நாள் காலை, பட்டியலில் முதல் ஃபைல் அதே டாக்டர். வயதைச் சொன்னார், மூட்டைச் சொன்னார். அதே பெண்மணி. பதிவை ஓட்டவும் நிறுத்தவும் மேசைக்கடியில் இருக்கும் பெடலிலிருந்து என் கால் நழுவியது. மறுபடி வைத்து அழுத்தினேன். பென்சிலின் ஆகாது என்பதால் வேறு மருந்து கொடுத்தோம், அறுவை சிகிச்சையில் சிக்கல் ஏதுமில்லை என்று அவசரமாகப் படித்துக்கொண்டு போனார். இன்று வாக்கர் பிடித்து நடந்தார், நாளை வீட்டுக்கு அனுப்பலாம். டாக்டருக்கு அது அன்றைய பத்து ஃபைலில் ஒன்று. நான் ஹெட்போனோடு மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

பிறகு டாக்டர் தன் நார்மலைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். பொத்தானைத் தட்டினேன், மொத்தப் பத்தியும் வந்து விழுந்தது. கடைசி வரியை முதலில் அழித்தேன்.