எந்திரிக்கச் சொன்ன பாட்டு

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பழைய துரை பங்களாவை இப்போது மனநிம்மதி விற்கும் ஓட்டலாக்கிவிட்டார்கள். துரைமார் காலத்தில் அங்கே யாருக்கு நிம்மதி இருந்தது என்று தொழிலாளர் லயத்தில் கேட்டால் சிரிப்பார்கள். அது போகட்டும். கலாராணி அங்கே கூட்டித் துடைக்கப் போனது மகள் யசோதினி செத்த பிறகுதான். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவளைக் குளவி மொய்த்துவிட்டது. பாதை இருந்த லட்சணத்தில் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போயிற்று. அதன் பிறகு கலாராணிக்குத் தேயிலை மலையில் கால் வைக்க மனம் வரவில்லை.

யசோதினி காலையில் லேசில் எழும்ப மாட்டாள். போர்வையை இழுத்து, தோளை உலுக்கித்தான் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு அனுப்ப வேண்டும். பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்தபோது தாய்க்கு வேறு வார்த்தை வரவில்லை. "எந்திரி மயிலே எந்திரி, பெரட்டுக்கு நேரமாச்சு" என்று ஒப்பாரியாக அதுவே வந்தது. பங்களாத் தரையைத் துடைக்கும்போதும் அவளை அறியாமல் வாய் அதையே முணுமுணுக்கும்.

இசையமைக்கிற வெள்ளைக்காரர் ஒருவர் அங்கே தங்க வந்திருந்தார். குரல் அவருக்குப் பிடித்துப்போயிற்று. என்ன பாட்டென்று கேட்டுவர வரவேற்பு மேசையில் இருந்த ரிஸ்காவை அனுப்பினார். பண்டாரவளை முஸ்லிம் பிள்ளை, நல்லவள். அவர்கள் வீட்டில் மௌத்து நடந்தால் யாரும் பாட்டுப் பாடி அழுவதில்லை. அவள் ஒப்பாரி கேட்டதே இல்லை.

"இது பிள்ளைக்குப் பாடுற பாட்டா அக்கா?"

"ஆமாம்மா. எம்புள்ளைக்குப் பாடுனதுதான்."

இருவர் பேச்சிலும் பொய் இல்லை. ரிஸ்கா போய்த் தாலாட்டு என்று இங்கிலீஷில் சொன்னாள். வெள்ளைக்காரர் கும்பிட்டுவிட்டு ஒலிவாங்கியை நீட்டினார். தன் மகளுக்காக ஒருவராவது காது கொடுக்கிறாரே என்று கலாராணி முழுதாகப் பாடித் தீர்த்தாள்.

சில மாதம் கழித்துத் தியான மண்டபத்தில் அவள் குரல் கேட்டது. மழைச் சத்தம், புல்லாங்குழல், நடுவில் இவள். விம்மலை வெட்டிவிட்டார்கள். குளவி வந்த அடிகளையும் வெட்டிவிட்டார்கள். "எந்திரி மயிலே" மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. கீழே வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு வரிசையாக ஆட்கள் படுத்திருந்தார்கள். கலாராணி ரிஸ்காவைத் தேடி ஓடினாள். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைத்தால் சாவு தேடி வரும் என்பது லயத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"நிப்பாட்டச் சொல்லும்மா. அது எழவுப் பாட்டு. போனவளக் கூப்புட்டுக்கிட்டே இருந்தா அவ எப்புடிம்மா போவா?"

ரிஸ்காவின் முகம் செத்துப்போயிற்று. மேனேஜரிடம் ஓடிப் போய்விட்டுத் தலைகுனிந்து வந்தாள்.

"ஏலாதாம் அக்கா. இங்க மட்டும் இல்லையாம். தூக்கம் வராத ஆக்களுக்கு உலகம் முழுக்க விக்கிறாங்களாம். கேட்டவுடனே தூங்கிடுறாங்களாம். என்னாலதான் அக்கா எல்லாம்."

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். இவர்கள் எழவு வீட்டிலேயே பிடுங்கிவிட்டார்கள்.

மறுநாள் கலாராணி மண்டபத்தில் துவாலை அடுக்கப் போனாள். ஓரத்தில் ஒரு பெண் தனியாகப் படுத்திருந்தாள், யசோதினி வயதுதான் இருக்கும். கழுத்து வரை வெள்ளைத் துணி, மூடிய கண். மேலே குரல் எந்திரி, எந்திரி என்றது. அந்தப் பெண் அசையவில்லை. கலாராணி துவாலைகளைப் போட்டுவிட்டு ஓடினாள். துணியை இழுத்து, தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எந்திரிம்மா! எந்திரி!"

அந்தப் பெண் அலறிக்கொண்டு எழுந்தாள். மத்தியானத்துக்குள் கலாராணிக்கு வேலை போயிற்று. ரிஸ்கா அழுதுகொண்டே கேட் வரை கூட வந்தாள்.

"ஏன் அக்கா இப்படிச் செஞ்சீங்க?"

கலாராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் புள்ளையாவது எந்திரிச்சிச்சில்லம்மா."