கொடும்பாவியாக இழுத்த பெட்டி

அந்த வருஷம் ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. எங்கள் ஊர் திண்டிவனத்துக்கு மேற்கே. பெரியவர்கள் வைக்கோலில் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்தார்கள். பெண்கள் செத்த வீடு மாதிரி மாரடித்து அழுதார்கள். சுடுகாட்டில் வைத்துக் கொளுத்தினார்கள். அப்படிச் செய்தால் மழை வரும் என்பது வழக்கம். வரவில்லை.

மழைக்குப் பதில் ஒரு பெட்டி வந்தது.

எங்கள் கொல்லை ஊரை ஒட்டிய மேட்டு நிலம்; அங்கே நின்றுகொண்டிருந்தேன். மேலே வெள்ளையாக ஏதோ ஆடி ஆடி வந்தது. அதற்கு அவசரமே இல்லை. காற்று கூப்பிட்ட பக்கமெல்லாம் போய்விட்டு, கடைசியில் பனைமரத்தடியில் படுத்துக்கொண்டது. சின்னப் பெட்டி, நீள நூல், கிழிந்த ரப்பர், குடை மாதிரி ஒரு துணி. தூக்கினேன். கனமே இல்லை.

அம்மாவின் தம்பி, என் மாமன், பத்தாவது வரை படித்தவர். பெட்டியில் இருந்த இங்கிலீஷை எழுத்துக்கூட்டினார்.

“கவர்மெண்டு பலூனு. நம்ம காச ஊதி ஊதி மேல உட்டுக்கினு இருக்கானுங்க. எடுத்துக்கினு போய் வெளையாடுங்க.”

நூலோடு கிடைத்தால் பிள்ளைகள் வேறென்ன செய்வோம். இழுத்தோம். அதுதான் எங்கள் கொடும்பாவி. நான் முன்னால் போனேன். எங்களை விட்டுப் போனாயே என்று மாரடித்தோம். நடுநடுவே சிரிப்பு வந்தது.

மறுநாள் காலை டிவியில் புயல் என்றார்கள். மரக்காணம் பக்கம் கரை ஏறுமாம்.

எங்கள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, முழுவதையும் செடியோடு பிடுங்கி, கொல்லையில் கவிழ்த்துக் காயப்போட்டிருந்தது. நனைந்தால் காய் முளைத்துவிடும். அந்த வருஷத்துச் சோறு அது.

எதிர்வீட்டுப் பெண் என் வயசு ஜோடிதான். அவளும் பெட்டியை இழுத்து அழுதவள்தான். ஆனாலும் கேட்டாள்.

“உங்கப்பா புடுங்கிப் போட்டுக்கினு இருக்கசொல்ல உன்ன யாருடி இழுக்கச் சொன்னது? பெருசுங்க இழுத்து வராத மழை, நீ இழுத்து வருது பாரு.”

மாமனுக்குச் சிரிப்பு. அவர் செடியும் பக்கத்துக் கொல்லையில்தான் கிடந்தது. அப்பாவிடம் சொன்னார்.

“போன தடவையும் டிவியில இப்டிதான் சொன்னானுங்க மாமா. ஒரு தூறல் உண்டா? காயாம பச்சையா அள்ளிக்கினு வந்தா கமிட்டி ஏலத்துல எவன் வாங்குவான்?”

அப்பா வானத்தைப் பார்த்தார். கழுவி வைத்த மாதிரி இருந்தது.

“வந்துட்டா?”

வண்டி பூட்டினார். பொழுது சாய்வதற்குள் எல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டது. அடுப்படியை விட்டு மீதி இடமெல்லாம் செடி. படுக்க இடமில்லை. அதன் மேலேயே படுத்தோம்.

கீழே மண் வாசனை. மேலே ஓட்டில் காற்று. பெட்டியைக் கட்டிக்கொண்டு, புயலைப் போகச் சொல்லு, போகச் சொல்லு என்று அதன் காதில் கெஞ்சினேன். அதற்குக் காது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அப்படியே தூங்கிப்போனேன். வீடு செடியோடு மெல்லக் கிளம்பியது. நூல் என் கையில் இருந்தது. இப்போது பெட்டி எங்களை இழுத்துக்கொண்டு போனது. பனந்தோப்பு, ஏரி, உப்பளம், அப்புறம் கடல். யாரும் அழவில்லை.

விழித்தபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது. விடவே இல்லை. நாங்கள் உள்ளே உட்கார்ந்து செடியிலிருந்து காய் ஆய்ந்தோம். மழை வெறித்த பிறகு மாமன் தன் கொல்லைக்குப் போய்ப் பார்த்தார். காயெல்லாம் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. வந்து எங்களோடு உட்கார்ந்து ஆய ஆரம்பித்தார். அப்பாவைக் கேட்டார்.

“டிவிக்காரன் சொன்னத எப்டி மாமா நம்புன?”

“எங்க நம்புனேன். பயந்தேன்.”

நான் தலையைத் தூக்கவில்லை. மாமன் காயை முளைக்க வைத்தது நான்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

போன வருஷம் என் மகளின் பாடப்புத்தகத்தில் அதே பெட்டியைப் பார்த்தேன். தினமும் பலூனில் கட்டி மேலே விடுகிறார்களாம். காற்றையும் ஈரத்தையும் அளந்து, போகப் போகக் கீழே இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். பலூன் வெடித்தால் விழுந்துவிடும். வேறு தேசத்தில் விமானத்தில் ஆளே ஏறிப் புயலுக்குள் போய் அளந்து வருகிறார்களாம். எல்லாம் ஜனங்கள் காசுதான். அந்த மாதிரி சேதியை எல்லாம் சேர்த்து வைத்துத்தான் டிவியில் சொல்கிறார்கள். இப்போது நாங்களும் போனில் அதைப் பார்த்துவிட்டுத்தான் செடியில் கை வைக்கிறோம்.

அந்தப் பெட்டி மழையைக் கூட்டி வரவில்லை. வருகிறது என்று மேலேயே சொல்லி முடித்துவிட்டு, சும்மா இறங்கி வந்து படுத்திருக்கிறது. அதைத்தான் தெருவில் போட்டு இழுத்து, மாரடித்து அழுதோம்.