புளோயருக்கு ஊட்டிய பொரி

தகரக் குழாய்க்குள் தோள்வரை நுழைந்த வலது கை, உள்ளே இருட்டில் துழாவிக்கொண்டிருந்தது. இடது கை வெளியிலிருந்து தகரத்தைத் தட்டித் தட்டி அதற்கு வழி காட்டியது. துணியோடு வெளியே வந்த விரல்களில் பச்சைப் பொடி ஒட்டியிருந்தது. மயில்சாமி அதை மோந்து பார்த்து முகம் சுளித்தார்.

"பூசணம்."

தாண்டிக்குடிக்கு மேலே இருந்த அந்தக் காப்பி எஸ்டேட்டில், மழைக்காலத்தில் கொட்டையைக் காயவைக்க வெயிலை நம்ப முடியாது. அடுப்பில் விறகு எரியும். எண்ணெய் என்ஜினில் ஓடும் புளோயர் அந்தச் சூட்டை இழுத்து, தகரக் குழாய் வழியாக, ஓட்டை போட்ட தளத்துக்கு அடியில் ஊதும். தளத்தில் பரப்பிய ஈரக் கொட்டை காயும். காற்றில் நாற்றம் இருந்தால் கொட்டை அதைக் குடித்துக்கொள்ளும். அப்புறம் எதைச் செய்தாலும் போகாது.

மயில்சாமி பழனிக்காரர். அடிவாரத்துப் பஞ்சாமிர்தக் கடையில் அண்டா கழுவி வளர்ந்தவர். ஈரத்தோடு மூடிவைத்த பாத்திரத்தைத் திறந்தால் என்ன வாடை வரும் என்பது அங்கேயே மூக்கில் ஏறிவிட்டது. பிறகு வத்தலக்குண்டு அரிசி மில்லில் என்ஜினுக்கு எண்ணெய் விட்டார். ஐம்பத்தாறாம் வருஷம் மலை ஏறினார். புளோயரைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. கழற்றினார், மாட்டினார், தப்பாக மாட்டியதை மறுபடி கழற்றினார். வருஷா வருஷம் பறிப்புக்கு முன்னால் இறக்கைகளைச் சுரண்டி, குழாயைச் சோடா உப்புப் போட்ட வெந்நீரில் கழுவி, துடைத்து, வெறும் சூட்டை ஓட்டிக் காயவிடுவார். இந்த வருஷமும் ஆயுத பூசைக்கு முன்பே அதை முடித்திருந்தார். அதனால்தான் இந்தப் பூசணம் அவரைக் குழப்பியது.

"என்னண்ணே, குழாய்க்குள்ளயே குடித்தனம் வச்சிட்டீங்களா?" கொட்டை கிளறும் பெண்களை மேய்க்கும் இருளாயி கத்தினாள். "மொதப் பறிப்பு பூரா ஈரமாக் கெடக்கு. இன்னைக்குத் தளத்துல ஏத்தலைன்னா அம்புட்டும் புளிச்சுப் போகும். வெரசாப் பாருங்க."

"இப்ப ஊதுனா காப்பிக்குப் பதிலாப் பழந்துணிதான் மணக்கும், தாயி."

குழாய் வளையும் இடத்தில் இருந்த திருகாணிகளைக் கழற்றினார். உள்ளே பொரி, வெல்லம், செவ்வந்தி இதழ் எல்லாம் ஒரே உருண்டையாகி, பச்சை ரோமம் முளைத்துக் கிடந்தது. நீர் வடிவதற்காக அவர் போட்டிருந்த துளையைச் சந்தனம் அடைத்திருந்தது. மழைக் குளிரில் தகரம் வேர்த்த தண்ணீர் அங்கேயே தேங்கியிருக்கிறது.

கஞ்சித் தூக்கோடு வந்த அவர் மனைவி சிவபாக்கியம் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"நாந்தாங்க ஊட்டுனேன்."

"யாருக்கு?"

"இதுக்குத்தான். மம்பட்டிக்கும் அருவாளுக்கும் பொட்டு வச்சுப் பொரி வச்சோம். இது வருஷம் பூரா பொகையவே திங்குதே, பாவம்னு மூடியத் தொறந்து, சந்தனமும் பூவும் சேத்து ஒரு கை போட்டேன்."

பூசை முடிந்து வழக்கம்போல என்ஜினை ஒரு சுற்று ஓட்டியபோது, அது பறந்துபோய் வளைவில் உட்கார்ந்திருக்கிறது.

"ஏண்ணே, மதினி ஒங்களுக்கு இப்படி என்னைக்காச்சும் ஊட்டியிருக்கா?" என்றாள் இருளாயி.

"இல்ல தாயி. அதான் எனக்குள்ள பூசணம் பிடிக்கல."

பெண்கள் சிரித்தார்கள். சிவபாக்கியத்தின் கண் மட்டும் கலங்கியது. மயில்சாமி குரலைத் தாழ்த்தினார்.

"பூசைக்கப்புறம் மூடியத் தொறந்து பாக்காம விட்டவன் நானு. அழுவாம வா. மேல் குழாய் ஒடுங்கலா இருக்கு, என் கை போகாது. ஒன் கை போகும்."

அவள் வளையலைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு, தேங்காய் நாரால் தேய்த்தாள். அவர் வெந்நீர் ஊற்றினார், கம்பியால் துளையைக் குத்தித் திறந்தார். துடைத்த துணி வெள்ளையாகவே வரும்வரை விடவில்லை. மாட்டி முடித்து அடுப்பை மூட்டி, வெறும் சூட்டை ஓடவிட்டார். இருளாயி ஈரக் கொட்டையைக் கிளறுவதும் இவர்களைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

"போதுங்கண்ணே."

"தகரம் காயட்டும்."

கடைசியில் துவைத்த வெள்ளைத் துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்து, தளத்துச் சூட்டில் விரித்தார். உலர்ந்ததும் மோந்து பார்க்கச் சொல்லி மனைவியிடம் கொடுத்தார். அவள் முகத்தைப் புதைத்து, வெகுநேரம் மோந்தாள்.

"ஒண்ணுமே மணக்கலைங்க."

மயில்சாமி தளம் இருந்த அறையின் கதவை இழுத்துத் திறந்து ஒதுங்கி நின்றார்.

"இந்தா இருளாயி, கொட்டு."