வோக்கிடோக்கியை வைக்கத் தெரியாத அணி

எயார்சொஃப்ட் என்ற பொம்மைத் துப்பாக்கிச் சண்டை இந்த நாட்டில் தடை என்பதால், த பேசின் என்ற ஊருக்குப் பக்கத்துக் காட்டில், சாயக் குண்டு சுடும் பெயின்ட்போல் விளையாடுகிறோம். இன்று மூன்றாவது தோல்வி.

எங்கள் வோக்கிடோக்கியில் ஒருவர் பேசினால் மற்றவர் குரல் கேட்காது. எதிரணி பின்பக்கமாக வருவதைக் கண்டதும் பொத்தானை அழுத்திக் கத்தினேன். என் அணியின் சுதன் அண்ணாவும் கோபியும் அப்போதுதான் அதில் பேச்சை முடிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

“சரி கோபி, அப்ப வைக்கட்டே?”

“ஓம் அண்ணா, வையுங்கோ.”

“கவனமா இரும், என்ன?”

“ஓம் ஓம், நீங்களும் கவனம்.”

“சரி, வைக்கிறன்.”

“சரி அண்ணா.”

அவர் வைத்தபோது எங்கள் மூவரின் முதுகிலும் மஞ்சள் பெயின்ட்.

“கண்டனீர் எண்டா சொல்லியிருக்கலாமே தங்கச்சி?” என்றார் அண்ணா.

சட்டம் போட்டுவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் பொத்தானிலிருந்து கையை எடுக்க வேண்டும். விடைபெறுவதெல்லாம் கார் பார்க்கில்தான். வரும் ஞாயிறு வெல்லாமல் வீடு திரும்ப மாட்டேன்.

சட்டத்துக்குச் சம்மதம் சொல்ல அண்ணா சற்றுமுன் போனில் கோல் எடுத்தார். சம்மதம் ஒரு நிமிடம், வைக்க இருபது நிமிடம்.

உங்கள் வீட்டில் சட்டென்று போனை வைத்து எல்லோரிடமும் ஏச்சு வாங்குகிறவர் யார்? அவர் எங்கள் அணிக்கு வேண்டும்.