சேர்த்துக் கட்டிய இரண்டு புத்தகங்கள்

புத்தகங்களைப் பற்றி எழுத, அவற்றை முழுதாகப் படித்தவர்களுக்குத்தான் உரிமை உண்டு. எனக்கு அது இல்லை. பத்தாவதோடு படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் பேசவும் வராது. இதைப் படிக்கும் பலரும் என்னைவிட அதிகம் படித்தவர்களாக இருப்பீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சரியாகச் சொல்ல முடியாமல் போன ஒன்றை எழுதியாவது வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

நான் நந்திதுர்க் பக்கம், மூடிப்போன தங்கச் சுரங்கங்களின் ஊர். இங்கே பாதிப் பேரைப்போல எனக்கும் வேலை பெங்களூரில். விடியும் முன் ரயிலேறிப் போய், ஒரு துணிக் கம்பெனியில் சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிவிட்டு, சாயங்கால ரயிலில் திரும்புவேன். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வரவும் அப்படித்தான். லேடீஸ் பெட்டியில் பூ கட்டுவார்கள், கீரை ஆய்வார்கள், சண்டை போடுவார்கள், தூங்குவார்கள். பேச வராத நான் படிப்பேன். நடைபாதைக் கடையில் பழைய தமிழ்ப் புத்தகங்கள் கிடைக்கும்.

ஒரு முறை, தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துப் போன வரலாறு ஒன்றைப் படித்தேன். அடுத்து கையில் கிடைத்த நாவலும் அதே தோட்டங்களைப் பற்றியது. எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று வரலாறு சொன்னது. அவர்களில் ஒருத்தி கிளம்பிய அன்று அடுப்பில் எதை வைத்துவிட்டு வந்தாள் என்று நாவல் சொன்னது. எதிர் சீட்டு அக்காவுக்கு இரண்டையும் நாடாவால் ஒன்றாகக் கட்டிக் கொடுத்தேன். போகும்போது வரலாறு, வரும்போது கதை. அவர் படித்துவிட்டு அழுதார். அதிலிருந்து ஆளாளுக்கு "எனக்கு ஒரு ஜோடி" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

சுகர் இருக்கிற ஒரு அம்மாவுக்கு, அந்த நோயைப் பற்றிய டாக்டர் புத்தகத்தோடு ஒரு மிட்டாய்க் கடைக் குடும்பத்தின் நாவலைச் சேர்த்துக் கொடுத்தேன். "இன்னாடி, சுகர்காரிக்கு ஜாங்கிரிய காட்டி சாகடிக்கப் பாக்கறியா?" என்று அந்த அம்மா கேட்க, பெட்டியே சிரித்தது. எனக்கு 'டீச்சர்' என்று பேர் வைத்தார்கள். சட்டை மடிக்கிறவளை டீச்சர் என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? எனக்கு அது பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது.

ஆனால் அவர்கள் கேட்கிற வேகத்துக்கு என்னால் படிக்க முடியவில்லை. தகவல் புத்தகங்களைக் காலையில் எப்படியோ முடித்துவிடுவேன். சாயங்காலம் நாவலைப் பிரித்தால் பங்காருபேட்டை வருவதற்குள் தூங்கிவிடுவேன். அதனால் ஐம்பது பக்கமும் பின்னட்டையும் படித்துவிட்டு, முழுதும் படித்தவள்போல இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுத்துவிடுவேன். ஒரு வருடத்துக்கு மேல் இப்படித்தான் செய்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஊரிகத்தில் ஏறும் பெண் ஒருத்தி என் பக்கத்தில்தான் உட்காருவாள். என்னைவிடச் சின்னவள், ஒரு கண் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறாள். எனக்குத் தோழி என்று சொல்ல அவள் ஒருத்திதான். அவளுடைய அப்பா சுரங்கத்தில் எஞ்சின் டிரைவராக இருந்தவர். ஆட்களைக் கீழே இறக்கி மேலே ஏற்றும் கேஜை, மேலே எஞ்சின் அறையில் உட்கார்ந்து இயக்குகிற வேலை.

"அப்பாவுக்கு ஒரு ஜோடி குடுங்கக்கா. கண்ணு சுத்தமா தெரியல. நான்தான் படிச்சி காட்டணும். சுரங்கத்தப் பத்தி இருந்தா காது குடுத்து கேப்பாரு."

என்னிடம் அதற்கென்றே செய்ததுபோல இரண்டு இருந்தன. சுரங்கங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று படத்தோடு விளக்கும் புத்தகம் ஒன்று. எங்கோ ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் நடக்கும் நாவல் ஒன்று. நான் படித்த ஐம்பது பக்கத்தில் அதன் கதாநாயகனுக்குக் கல்யாணம் ஆனது. அவனும் கேஜ் டிரைவர். இதைவிடப் பொருத்தமான ஜோடி அமையாது என்று பெருமையாகக் கட்டிக் கொடுத்தேன்.

பத்து நாள் அவள் வந்து உட்கார்ந்தாள், படிப்பதைப் பற்றிச் சொன்னாள். பிறகு இரண்டு நாள் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். சனிக்கிழமை காலை என் எதிரே வந்து நின்றாள். கட்டுப் பிரிக்காத மாதிரி புத்தகங்களைத் திரும்பக் கட்டியிருந்தாள்.

"அக்கா, இந்த நாவல முழுசா படிச்சிட்டுதானே குடுத்தீங்க?"

நான் பதில் சொல்லுமுன் சுகர் அம்மா முந்திக்கொண்டார். "நல்லா கேட்டே போ. டீச்சரு படிக்காத குடுப்பாங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "படிச்சேனே. முழுசா படிச்சேன்" என்றேன்.

"அப்போ தெரிஞ்சேதான் குடுத்தீங்க."

"இன்னாம்மா ஆச்சு?" என்றேன்.

"கடைசில அந்த டிரைவரு குடிச்சிட்டு வந்து கேஜ விட்டுட்றான். நாலு பேரு செத்துட்றாங்க. நான் பாட்டுக்கு சத்தமா படிச்சினே போறேன். 'போதும்மா, மூடு'ன்னாரு எங்கப்பா. 'இத யாரு சொல்லி அனுப்பிச்சாங்க?'ன்னு கேட்டாரு. ரெண்டு நாளா சரியா சாப்பிடல அவுரு."

புத்தகங்களை என் மடியில் வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. அவளுடைய அப்பா வேலையில் இருந்தபோது ஒரு நாள் கேஜ் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போய், ஆட்களுக்கு அடிபட்டு, ஒருவர் இறந்தார். விசாரணையில் அவர்மேல் குற்றமில்லை என்று சொன்னார்கள். ஆனாலும் அவர் குடித்திருந்தார் என்று சுரங்கத்து ஆட்கள் குடியிருந்த லைன் வீடுகளில் பேச்சு இருந்தது. அப்போது பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கும் அது தெரியும். புத்தகங்களைக் கட்டும்போது அது நினைவுக்கு வரவில்லை என்றால் நம்புவீர்களோ என்னவோ. பொருத்தம் பார்க்கிற மும்முரத்தில், அந்த மனிதரை நினைக்கவே இல்லை.

அன்று திரும்பும்போது தூக்கம் வரவில்லை. மீதி நாவலைப் படித்தேன். அவள் சொன்னபடியேதான் இருந்தது. படிக்கவில்லை என்று ஒரு வார்த்தை காலையில் சொல்லியிருந்தால், நான் வெறும் சோம்பேறி என்பதோடு போயிருக்கும். டீச்சர் பட்டத்துக்காகப் பொய் சொல்லி, ஒரு வயதானவரை வேண்டுமென்றே குத்தினவளாக ஆகிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊரிகத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் கதவைத் திறந்து, வழி விடாமல் நின்றாள்.

"யாரும்மா அது?" என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"புத்தகம் குடுத்தவங்க."

"வரச் சொல்லு."

அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் பக்கம் முகத்தைத் திருப்பினார், ஆனால் கொஞ்சம் தள்ளிச் சுவரைப் பார்த்தார். நான் நின்றபடியே சொன்னேன்.

"அந்த நாவல நான் படிக்கலப்பா. அம்பது பக்கம்தான் படிச்சேன். முடிவு இன்னான்னே தெரியாது. வண்டியில படிச்சேன்னு சொன்னது பொய்."

"படிக்காத புத்தகத்தையா ஊருக்கெல்லாம் குடுத்துனு கீறே?"

"ஆமாப்பா."

"ஊர்ல இன்னும் பேசறாங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்று வாய்வரை வந்தது. ஆனால் இன்னொரு பொய் சொல்ல அங்கே போகவில்லை. "இப்ப தெரியாதுப்பா. சின்ன வயசுல கேட்டிருக்கேன்."

"குடிச்சிருந்தேன்னு."

"ஆமாப்பா."

"நான் தொட்டதே கிடையாது. எஞ்சின் ரூம்ல ஒக்காந்துனு கீறவனுக்கு கேஜும் தெரியாது, ஆளும் தெரியாது. கீழேர்ந்து அடிக்கிற பெல்லு சத்தமும், கேஜு எங்க கீதுன்னு காட்டற முள்ளும்தான். அன்னிக்கு பெல்லு தப்பா வந்திச்சி. பெல்லு தப்பா வந்தா இன்னா ஆவும்னு உன் மொத புத்தகத்துல நல்லா போட்டுகீறான். அத ரெண்டு வாட்டி படிக்கச் சொல்லி கேட்டேன். என் பொண்ணு கேக்கட்டும்னு." மூச்சு வாங்கினார். "கதை வெறும் கதையா வந்திருந்தா, எவனோ எழுதிகீறான்னு விட்டிருப்பேன். ரெண்டையும் ஒண்ணா கட்டி குடுத்தியே. கட்டி குடுத்தா, இதுதான் அதுன்னு ஆயிடுது இல்ல?"

"மன்னிச்சிடுங்கப்பா" என்றேன். அவர் தலையை ஆட்டினார். மன்னித்தாரா, போகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

வாசல்வரை அவள் வந்தாள். "இங்க வந்து சொல்லிட்டீங்க, சரி. அன்னிக்கு எல்லார் எதிர்லயும்தானே படிச்சேன்னு சொன்னீங்க? அதுல பாதிப் பேரு ஊரிகம். இன்னா பேசினு இருக்காங்களோ. அங்க சொல்லுங்க."

"சொல்றேம்மா" என்றேன். ஸ்டேஷன்வரை நடந்து வரும்போது, எப்படி ஆரம்பிப்பது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு முறையும் என்னை அறியாமல் எனக்குச் சாதகமாக ஒரு வார்த்தை சேர்ந்துகொண்டது.

மறுநாள் திங்கட்கிழமை, ரயில் பங்காருபேட்டையைத் தாண்டியதும் எழுந்து நின்று சொன்னேன். இரண்டு பேர் காதில் வாங்கினார்கள், மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் அன்று எங்கள் பெட்டியில் இல்லை, முன்னால் வேறு பெட்டியில் ஏறியிருந்தாள்.